மூடிய டம்ளர்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் சொன்னால் சமாளிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி புது வளையல் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. என் கூடப் பிறந்தவள் மாடி வீடு கட்டிக் குடிபோனபோதுகூட இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் நான். ஆனால் என் வேலையை என்னைவிட ஒருத்தி நன்றாகச் செய்தால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் வேலை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசுவது. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு, முடிவு வந்த பிறகு ஒரு பேச்சு. தொற்று இருந்தால் அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கப் பேச்சு. அதோடு பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று எப்படி வரும், எப்படி வராது என்று வகுப்பு எடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

ஒரே பாடத்தை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடத்த முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். லெப்பைக்குடிகாட்டில் முதல் தடவை ஆணுறை என்ற சொல்லோடு ஆரம்பித்தேன். பிள்ளைகள் மேசையில் தலையைக் கவிழ்த்தார்கள், மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை. அடுத்த வருஷம் விசாவுக்கு எடுக்கும் மெடிக்கலில் இருந்து ஆரம்பித்தேன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர். “எங்க அத்தாவுக்கும் ரத்தம் எடுத்தாங்க மேடம்” என்று ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி எழுந்தாள், வகுப்பு திறந்துகொண்டது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரியில் இருந்து தொடங்குவேன். வடக்கே இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக இந்தியில் பத்துச் சொல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதில் நாலு தப்பு. ஏலாக்குறிச்சிப் பக்கம் போனால் உடம்பு ஒரு ஆலயம் என்று ஆரம்பிப்பேன், கன்னியாஸ்திரிகள் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டலை வைத்தே மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்துவிடுவேன். இதெல்லாம் நானாகச் சேர்த்த சொத்து. இந்த இரண்டு மாவட்டத்திலும் இந்த வகுப்பை எடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே எனக்குப் பட்டம் கட்டியிருந்தேன்.

அப்போதுதான் என் கூட வேலை செய்ய அவள் வந்தாள். பாடாலூர்க்காரி, வயது இருபத்தாறு, சமூகப் பணி படித்தவள். நேரத்துக்கு வர மாட்டாள், பைலை வைத்த இடம் மறந்துவிடுவாள், சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவாள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எங்கள் வேலையின் முதல் சட்டத்தை நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

“உள்ள ஒருத்தங்க சொன்னது உள்ளயே இருக்கணும். நீ யார்கிட்ட பேசுனியோ அத என்கிட்ட கூடச் சொல்லக் கூடாது. வெளிய பஸ் ஸ்டாண்டுல பார்த்தா தெரிஞ்ச மாதிரி சிரிக்கக் கூடாது. அவங்களா வந்து பேசுனா பேசு, இல்லன்னா மூஞ்சியத் திருப்பிக்க.”

“சரிங்க்கா” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டையும் அன்றைக்கே தொலைத்தாள்.

ஆனால் வகுப்புக்குள் போனால் அவள் வேறு ஆள். நான் பதினெட்டு வருஷத்தில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய கேள்விகள் அவளிடம் முக்கால் மணி நேரத்தில் தானாக வந்து விழுந்தன. வகுப்பு முடிந்ததும் என்னிடம் “தேங்க்யூ மேடம்” என்பார்கள், அவளைச் சுற்றி நின்றுகொண்டு பஸ் ஏறும்வரை விடமாட்டார்கள். நான் பாடப் படங்கள் போட்ட பிளிப் சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். வயிறு எரியும். அது அசிடிட்டி என்று எனக்கு நானே சொல்லி, மாத்திரைகூட வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு பாடப் புத்தகம் வந்தது. எங்கேயோ வெளிநாட்டில், எந்த ஊர்ப் பிள்ளைகளையோ பார்த்து எழுதியது. அதில் ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர். ஒரே ஒரு கப்பில் மட்டும் நிறமில்லாத ஒரு ரசாயனம் கலந்திருக்கும். பிள்ளைகள் ஒருவர் கப்பிலிருந்து ஒருவர் கப்புக்கு ஊற்றி மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு சொட்டு மருந்து விட்டால் யார் யாருக்குத் தொற்று பரவியது என்று நிறம் காட்டிக் கொடுக்கும். நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி நடத்திக் காட்டுங்கள், அதிகாரி வந்து பார்ப்பார் என்று உத்தரவு.

ரசாயனத்துக்கு எங்கே போவது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தாள். பாட்டிலில் சுண்ணாம்பு கரைத்து, தெளியவிட்டு இறுத்த தண்ணீர். பார்த்தால் வெறும் தண்ணீர்தான். அதில் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் விட்டாள். குப்பென்று சிவந்தது.

“ஆலம் கரைக்கிறோம்லக்கா, அதான்” என்று சிரித்தாள்.

என் வாழ்நாளில் எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை சீருக்கு ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்திருப்பேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அந்தச் சிவப்பைப் பார்த்தபோது அவளைப் பாராட்ட வாய் வரவில்லை.

பாராட்டு வராதது போகட்டும். எனக்கு அந்த டம்ளரைப் பார்த்த நிமிஷமே வேறு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. நான் பிறந்த தெருவில் எல்லாரும் கூலிக்குப் போனவர்கள். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிளாஸ்டிக் கப் விளையாட்டை எழுதியவனுக்கு அது தெரியாது. இந்த ஊரில் டம்ளர் தண்ணீரை ஒருவர் ஒருவருக்கு ஊற்றச் சொன்னால் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளைக்கு ஊற்றும் என்பது விளையாட்டு இல்லை. தண்ணீரைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி. வரும் என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் ஆபத்து அது தனி.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. அதிகாரி வருவதற்குக் குறித்திருந்த பள்ளிக்கூடம் ஜெயங்கொண்டம் ரோட்டில் இருக்கிறது, ஊர் பேர் வேண்டாம். அங்கே ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் பிறந்ததிலிருந்து தொற்றோடு இருப்பவள். ஏழு வயதிலிருந்து மாதாமாதம் அம்மாவோடு என் அறைக்கு வருகிறாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு அதை எடுத்துச் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அவள் அழவில்லை, “மாத்திரை போட்டா யாருக்கும் தெரியாதுல்ல மேடம்?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

என் கூட வேலை செய்கிறவளுக்கு அந்தப் பெண்ணைப் பற்றித் தெரியாது. அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லாமலே “இந்தப் பள்ளிக்கூடம் வேணாம், வேற பார்ப்போம்” என்று நான் தள்ளிவிட்டிருக்கலாம். பஸ் வசதி இல்லை என்று ஒரு பொய் போதும்.

“எப்படி இருக்குக்கா? ஏதாச்சும் மாத்தணுமா?” என்று அவள் கேட்டாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றேன்.

அதிகாரி முன்னால் அவள் ஒரு தடவை மூக்குடைபட்டு நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணைக்கூட நினைக்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வகுப்பு நாள் வந்தது. அதிகாரியும் தலைமை ஆசிரியரும் பின்னால் நாற்காலியில். நான் ஓரமாக. ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து, யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லி, மூன்று பேரிடம் தண்ணீர் மாற்றிக்கொள்ளச் சொன்னாள் அவள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் நான் நினைத்தது அப்படியே நடந்தது. ஜன்னல் பக்க பெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள், சுவர்ப் பக்கத்துக்காரர்கள் தங்களுக்குள். நடுவில் இருந்த வழியைத் தாண்டி ஒரு சொட்டுப் போகவில்லை.

ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஊற்ற வந்தபோது டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“நீ குடுக்கலன்னா நானாச்சும் ஊத்தறேன்டி.”

“வேணாம். என்னோடத யாருக்கும் குடுக்க மாட்டேன். எனக்கும் வேணாம்.”

சத்தமாகச் சொல்லிவிட்டாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம், வெளியே பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்ற சட்டம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள், என் கூட வந்தவள், தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் டம்ளரையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். “நானும் மாத்தல. நாம ரெண்டு பேரும் சும்மா வேடிக்க பார்ப்போம்” என்றாள். அவ்வளவுதான். வகுப்பு மறுபடி தன் கூத்தில் இறங்கியது.

பிறகு மஞ்சள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனாள். சுண்ணாம்புத் தண்ணீர் போயிருந்தது ஜன்னல் பக்கத்து டம்ளர் ஒன்றில். அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகச் சிவந்தது. சுவர்ப் பக்கம் எல்லாம் மஞ்சள். ஜன்னல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் டம்ளர் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அந்த அறையில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெண்ணும் நானும் மட்டும்தான்.

சுவர்ப் பக்கத்தில் ஒரு பையன் எழுந்தான். “மேடம், அப்ப அந்தத் தெருக்காரங்களுக்குத்தான் இது வருமா?”

என் கூட வந்தவள் சிவந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி தொண்டையைச் செருமினார். இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன்? எழுந்து போனேன். என் பழைய பிளிப் சார்ட்டை மாட்டி, தண்ணீரில் வராது, தட்டில் வராது, தெரு பார்த்து வராது என்று ஆரம்பித்து, வரும் வழிகளைச் சொல்லி, கால் மணி நேரத்தில் வகுப்பை நிமிர்த்திவிட்டேன். தலைமை ஆசிரியர் கை தட்டினார். எனக்குள் குளுகுளு என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கால் மணி நேரம் எனக்கு அந்தப் பெண் ஞாபகமே இல்லை. வெளியே வந்ததும் அதிகாரி என் கூட வந்தவளைப் பார்த்து, “சுண்ணாம்பு ஐடியா அருமைம்மா, கொஞ்சம் திருத்தினா போதும்” என்றார். என்னைப் பார்த்து, “நீங்க சீனியர், கூட இருந்து பார்த்துக்கங்க” என்றார். குளுகுளுப்பு அத்தோடு போயிற்று.

அடுத்த மாதம் அந்தப் பெண் மாத்திரை வாங்க வரவில்லை. அம்மா மட்டும் வந்தாள்.

“பதினோரு நாளா மாத்திரையத் தொடலைங்க மேடம். மேடம் என்னயப் பத்திச் சொல்லிட்டாங்கங்குது. வகுப்புல எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு அழுவுது. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அது கேக்க மாட்டேங்குது.”

இந்த மாத்திரையை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் வீட்டுக்கு வழி மட்டும் கேட்டது.

மறுநாள் நைட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீடு தேடிப் போகும்போது நான் யார் என்று தெரு கண்டுபிடிக்கக் கூடாதென்பதற்காக நான் வைத்திருக்கும் வழி அது. நைட்டி விற்கிறவள் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பல வருஷமாகத் தூக்கியதில் சில ஊரில் எனக்கு நிஜமாகவே வாடிக்கை உண்டு. அன்றைக்கும் வழியில் ஒருத்தி பூப்போட்டதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாயம் போகும் என்று திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. அந்தப் பெண் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“நான் யார்கிட்டயும் சொல்லலம்மா.”

“அப்ப அந்த அக்கா ஏன் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க? நீங்க சொல்லித்தான் வந்தாங்க.” குச்சியால் மண்ணைக் கீறினாள். “அது கூடப் பரவால்ல மேடம். அவங்க தெரிஞ்சும் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. நீங்க தெரிஞ்சும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க.”

சட்டம், உன் நல்லதுக்குத்தான், யாரும் சந்தேகப்படக் கூடாதென்றுதான், என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்குள் வேறு ஒன்று கொதித்தது. ஏழு வயதிலிருந்து உன் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தவள் நான். ஒரு பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தவள் அவள். அவள் பெரிய ஆளாகிவிட்டாளா? அந்த எரிச்சலில்தான் அதைச் சொன்னேன், என்னை நல்லவளாக்கிக்கொள்வதற்கு மட்டும் இல்லை, அவளைக் கொஞ்சம் இறக்குவதற்கும்தான்.

“அவங்களுக்கு ஒன்னுமே தெரியாது. நீ யாருன்னே தெரியாது. சும்மா வந்து உக்காந்தாங்க.”

அவள் என்னையே பார்த்தாள்.

“தெரியாமலேயா வந்து உக்காந்தாங்க?”

“ஆமா.”

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ வருஷம் எதிரே உட்கார்ந்து நான் அதைப் பார்த்ததில்லை.

“அப்ப அவங்ககிட்ட நானே சொல்றேன் மேடம். அவங்கதான் வேணும். அவங்க பேசுனா மாத்திரை போடறேன்.”

முடியாது என்று என் மனசு சொன்னது. இவள் என் பிள்ளை என்றுகூடச் சொன்னது, வெட்கமே இல்லாமல். பதினோரு நாள் பன்னிரண்டு நாளாகியிருந்தது. சரி என்றேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் என் கூட வேலை செய்கிறவளை உட்காரவைத்தேன். உன்னைப் பார்க்க ஒரு பிள்ளை வரும், என்ன விஷயம் என்று அதுவே சொல்லும் என்றேன். பிறகு டம்ளர் விஷயத்தையும் சொன்னேன். அந்த விளையாட்டு அந்த ஊரில் எப்படிப் போகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

“அப்பறம் ஏங்க்கா சொல்லல? நான் கேட்டேன்ல?”

“வயித்தெரிச்சல்தான். வேற என்ன.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “சரிங்க மேடம்” என்றாள். அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். என் அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மூடியிருந்தது. முதலில் அழுகை, நீளமாக. அப்புறம் சிரிப்பு. இரண்டு பேர் சிரிப்பு. அந்த அறையில் அந்தப் பெண் சிரித்து நான் கேட்டதே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “உள்ள நேரமாகுமாங்க?” என்று கேட்டார். ஆகும் என்றேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கையில் மாத்திரைப் பை இருந்தது. “போயிட்டு வரேன் மேடம்” என்று மரியாதையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனேன். என் நாற்காலியில் பாடாலூர்க்காரி, கண் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்லுச்சு?” என்றேன்.

“இன்னைக்கு ராத்திரிலேந்து போடறேன்னு சொல்லுச்சு.”

“அப்பறம்? வேற என்ன பேசுச்சு? எதுக்குச் சிரிச்சீங்க?”

அவள் பைலை மூடி, இந்த முறை மறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“அத உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க மேடம். மொத நாளே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”